நான்கு வெள்ளி அணுக்கள், ஒரு வாளித் தண்ணீர்

பிலிம் கேமரா புழங்கிய காலத்தில் எங்கள் ஊரில் யாரும் 'டெவலப் செய்வது' என்று சொல்லிக் கேட்டதில்லை. "ரோலைக் கழுவக் கொடுத்திருக்கேன், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க" என்பார்கள். கல்யாண ஆல்பம் தாமதமானால் "இன்னும் பிலிமே கழுவலையாம்" என்று வீட்டில் பேச்சு ஓடும். பிலிமின் மேல் ஏதோ அழுக்குப் படிந்திருப்பது போலவும், அலசிவிட்டால் அடியில் இருக்கும் படம் தெரிந்துவிடும் என்பது போலவும் அந்தச் சொல் நினைக்க வைக்கும். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். சொந்தமாக ஒரு ரோலைக் கழுவிப் பார்த்தபோதுதான் அந்த எண்ணம் போனது. நடப்பது கிட்டத்தட்ட நேர்மாறு. முதலில் படம் வளர்கிறது. கழுவுவது அதற்குப் பிறகுதான்.

இப்போது பிலிம் கழுவித் தரும் ஸ்டூடியோக்கள் அருகிவிட்டன. பிலிம் மீது புதிதாக ஆசை வந்திருக்கும் இளைஞர்கள் ரோலைப் பெரிய நகரத்துக்குக் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளை ரோலாக இருந்தால் அந்தக் காத்திருப்பு தேவையே இல்லை. வண்ணப் பிலிமுக்கு டெவலப்பரின் சூட்டை 38 டிகிரி செல்சியஸில் அசையாமல் பிடித்து வைக்க வேண்டும். கறுப்பு வெள்ளை அவ்வளவு கறாரில்லை. குளியலறை, வாளி, தெர்மாமீட்டர், வெளிச்சம் புகாத மூடி போட்ட ஒரு டேங்க், மூன்று பாட்டில் கரைசல் இருந்தால் போதும். ஆனால் நம் பக்கத்தில் தொடங்குகிறவர்களை முதல் நாளே ஒரு எண் மறித்து நிற்கும். எந்த டெவலப்பர் பையைத் திருப்பிப் பார்த்தாலும் '20 டிகிரியில் இத்தனை நிமிடம்' என்றே அச்சாகியிருக்கும். கோடாக்கின் ஊரான அமெரிக்காவின் ரோச்செஸ்டரிலும், இல்ஃபோர்டு பிலிம் தயாராகும் இங்கிலாந்தின் செஷயரிலும் குளிர்ந்த தண்ணீர்தான் குழாயில் வரும். மதுரையில் மே மாத மதியம் குழாயைத் திறந்தால், கையை நீட்டவே யோசிக்க வேண்டும். அந்த 20 எங்கிருந்து வந்தது, அதை மீறினால் என்ன ஆகும் என்று புரிந்துவிட்டால் இந்தக் கலை நம் வெயிலிலும் கைக்கு வரும். புரியாமல் செய்முறையை மட்டும் பின்பற்றினால் ரோலுக்கு ரோல் ஒரு மாதிரி வரும், ஏன் என்று தெரியாது.

பிலிம் என்பது ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதன் ஒரு முகத்தில் ஜெலட்டின் பூசியிருக்கும். மாட்டுத் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் அதே ஜெலட்டின்தான். அதற்குள் பழக்கூழில் பதிந்த விதைகள் போல வெள்ளி புரோமைடு படிகங்கள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மைக்ரான், சில பிலிம்களில் அதைவிடச் சிறிது. படிகத்தில் வெள்ளியும் புரோமினும் அயனிகளாக வரிசை பிடித்து நிற்கின்றன. ஷட்டர் திறந்து ஒளி விழும்போது, ஒரு ஃபோட்டான் படிகத்துக்குள் ஓர் எலக்ட்ரானை உதறி விடுகிறது. அந்த எலக்ட்ரான் அலைந்து, படிகத்தின் மேற்பரப்பில் உள்ள ஒரு குறைபாட்டில் சிக்கிக்கொள்கிறது. அங்கே எதிர்மின்னூட்டம் சேர்ந்ததும் பக்கத்தில் நகரக்கூடிய வெள்ளி அயனி ஒன்று அதை நோக்கி வருகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு வெள்ளி அணு. அடுத்த ஃபோட்டான், அடுத்த அணு. இப்படி ஒரே இடத்தில் சுமார் நான்கு அணுக்கள் கூடிவிட்டால் அந்தப் படிகம் 'ஒளி பட்டது' என்று கணக்கு. ரொனால்டு கர்னி, நெவில் மாட் என்ற இரு இயற்பியலாளர்கள் 1938இல் இதை விளக்கினார்கள்.

அந்த நான்கை எதனோடு ஒப்பிட வேண்டும் என்றால், ஒரு மைக்ரான் கனசதுரப் படிகத்தில் ஏறத்தாழ 2,000 கோடி வெள்ளி அயனிகள் இருக்கின்றன. 2,000 கோடியில் நான்கு மட்டும் மாறியிருக்கிறது. இந்த நிலையில் பிலிமை எந்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் படம் தெரியாது. ஆனாலும் அது இருக்கிறது. பெட்டிக்குள் மாதக்கணக்கில் உறங்கும். இதற்கு 'உள்ளுறை பிம்பம்' என்று பாடநூல்கள் பெயர் வைத்திருக்கின்றன. நல்ல பெயர்.

எலக்ட்ரான் போய்ச் சிக்கும் குறைபாடு என்றேனே, அதற்கும் ஒரு கதை உண்டு. ஒரே மாதிரி தயாரித்தும் சில ஜெலட்டினில் செய்த பிலிம் ஒளியை நன்றாக உணர்ந்தது, சிலவற்றில் செய்தது மந்தமாக இருந்தது. காரணம் தெரியாமல் உற்பத்தியாளர்கள் திண்டாடினார்கள். 1920களில் கோடாக் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்டு கண்டுபிடித்தார்: நல்ல ஜெலட்டினில் கடுகு எண்ணெயின் காரத்துக்குக் காரணமான பொருளைச் சேர்ந்த கந்தகச் சேர்மம் துளியளவு கலந்திருந்தது. மாடு மேய்ந்த கடுகுச் செடியிலிருந்து அது தோலுக்குப் போய், அங்கிருந்து ஜெலட்டினுக்கு வந்திருந்தது. கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிகத்தின் மேல் வெள்ளி சல்பைடு புள்ளிகளை உண்டாக்குகிறது. எலக்ட்ரான் சிக்குவது அந்தப் புள்ளிகளில்தான். அதன் பிறகு தொழிற்சாலைகள் கந்தகத்தை அளந்து சேர்க்கத் தொடங்கின. தாளிக்கும் கடுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

டெவலப்பரின் வேலை அந்த நான்கு அணுக்களைத் தேடிப் போய், மீதி 2,000 கோடியையும் வெள்ளியாக மாற்றுவது. டெவலப்பர் எலக்ட்ரான்களைக் கொடுக்கத் தயாராக இருக்கும் ஒரு பொருள். வெள்ளி அயனிகள் எலக்ட்ரானை வாங்கினால் உலோகமாகிவிடும். கொடுப்பவரும் இருக்கிறார், வாங்குபவரும் இருக்கிறார். நடுவில் ஒரு வாசல் தேவை. நான்கு அணுக்கள் கூடிய புள்ளிதான் வாசல். அதன் வழியாக எலக்ட்ரான்கள் படிகத்துக்குள் பாய, வெள்ளி இழை இழையாகச் சுருண்டு வெளியே வளர்கிறது. பாத்திரம் தேய்க்கும் நார் எப்படிச் சுருண்டிருக்குமோ அப்படி. உள்ளே புகுந்த ஒளி அந்தச் சுருளுக்குள் சிக்கித் திரும்பி வராததால், கொலுசில் பளபளக்கும் அதே வெள்ளி இங்கே கரிபோலக் கறுப்பாகத் தெரிகிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் பார்க்கும் கறுப்பு முழுவதும் வெள்ளி.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வாசல் இல்லாத படிகங்களையும், அதாவது ஒளி படாதவற்றையும், டெவலப்பர் விட்டு வைக்காது. அவற்றை மெதுவாக மாற்றும், அவ்வளவே. போதிய நேரம் கொடுத்தால் பிலிம் முழுதும் கறுத்துவிடும். ஆக டெவலப் செய்வது இரண்டு வேகங்களுக்கு இடையே நடக்கும் பந்தயம். ஒளி பட்டவை முன்னால் ஓடி, படாதவை இன்னும் கிளம்பாமல் இருக்கும் அந்த நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். நேரமும் வெப்பநிலையும் இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

உள்ளுறை பிம்பத்தை வளர்த்தெடுக்கலாம் என்று இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1840 செப்டம்பரில் கண்டார். அவர் பயன்படுத்தியது கேலிக் அமிலம். ஓக் மரத்தில் பூச்சி துளைத்த இடத்தில் புடைத்து வரும் காய் போன்ற முடிச்சிலிருந்து கிடைப்பது அது. நம் நாட்டு மருந்துக் கடையில் 'மாசிக்காய்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, குழந்தை நாக்கில் உரைத்துத் தடவுவார்களே, அதே முடிச்சுதான். அந்த வழிமுறையின் வாரிசான மெழுகு பூசிய காகித நெகட்டிவைக் கொண்டுதான் லினீயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். பெரிய கோவில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கியவர் அவர். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயாரித்துக் கையோடு கொண்டுபோகலாம் என்பது மாட்டு வண்டிப் பயணத்துக்குப் பெரிய வசதி. ஆனாலும், ஏசியும் ஐஸும் இல்லாத காலத்தில், தஞ்சாவூர் சூட்டில், அவர் இந்தப் பந்தயத்தை எப்படிக் கட்டுப்படுத்தியிருப்பார் என்று அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் வியக்கிறேன்.

இன்று தொடங்குகிறவருக்கு நான் சொல்வது டி-76, அல்லது அதன் இல்ஃபோர்டு இணையான ஐடி-11. டி-76 கோடாக் 1927இல் வெளியிட்டது; இத்தனை ஆண்டு கழிந்தும் மற்ற டெவலப்பர்களை அதோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறார்கள். அதன் செய்முறையில் ரகசியம் எதுவும் இல்லை. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். போராக்ஸ் நமக்கு வெங்காரம். எலக்ட்ரான் கொடுப்பது மெட்டால். கொடுத்துக் களைத்த மெட்டாலை மறுபடி வேலைக்குத் தேற்றி அனுப்புவது ஹைட்ரோகுவினோன். இரண்டும் தனித்தனியே செய்வதைவிடச் சேர்ந்து பல மடங்கு செய்யும். காரத்தன்மை இல்லாவிட்டால் இரண்டும் அசையாது, அதற்கு வெங்காரம். காற்றிலுள்ள ஆக்சிஜன் டெவலப்பரைக் கெடுக்காமல் காவல் காப்பது சல்பைட். இவ்வளவு அதிகமாக அது இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: படிகத்தின் விளிம்புகளைக் கொஞ்சம் கரைத்து, படத்தின் குருணையை மென்மையாக்கும்.

தனித்தனியாக வாங்கிக் கலப்பவர்கள் ஒரு வரிசையை மறக்கக் கூடாது. சல்பைட் கரைந்த நீரில் மெட்டால் கரையவே கரையாது. ஆகவே 50 டிகிரி அளவுக்குச் சூடான 750 மி.லி. நீரில் ஒரு சிட்டிகை சல்பைட், பிறகு மெட்டால் முழுவதும், அது தெளிந்த பின் மீதி எல்லாம், கடைசியில் லிட்டர் நிறையக் குளிர்ந்த நீர். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். முதல் நாளிலிருந்தே கையுறை போட்டுப் பழகுங்கள். இதற்கென்று வாங்கிய கிளாஸும் கரண்டியும் ஒருபோதும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

காபியிலும் பிலிம் கழுவலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1995இல் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி வகுப்பு ஒன்றில் இது நடந்தது. காபியிலுள்ள கஃபெயிக் அமிலம் எலக்ட்ரான் கொடுக்கக்கூடியது. அமைப்பில் ஹைட்ரோகுவினோனுக்குத் தூரத்துச் சொந்தம். பின்னால் செம்மையான ஒரு செய்முறை இது: லிட்டருக்கு நீர் நீக்கிய சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபித்தூள் 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். வாடை தாங்க முடியாது, பிலிமில் லேசாகப் பழுப்பேறும். ஆனால் படம் உண்மையாகவே வரும். வேதியியல் ஆசிரியர்கள் யாராவது ஒருமுறை மாணவர்களுக்கு இதைச் செய்து காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இனி அந்த 20 டிகிரி. வேதிவினை சூட்டில் வேகமெடுக்கும். டெவலப்பரைப் பொறுத்தவரை ஒரு டிகிரி கூடினால் நேரத்தில் எட்டு முதல் பத்து சதவீதம் குறைக்க வேண்டும் என்பது நல்ல கணக்கு. இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் பிலிமை எடுத்துக்கொள்வோம். தொடக்கக்காரரின் சின்னச் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் பிலிம் என்பதால் இதைத்தான் பரிந்துரைக்கிறேன். ஐடி-11 கரைசலை நீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 27 டிகிரியில் அது நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் என்று சுருங்கிவிடும். இங்கேதான் சிக்கல். ஊற்றவும் வடிக்கவும் ஆகும் வினாடிகள் மொத்த நேரத்தில் பெரும் பங்காகிவிடுவதால், ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் பிலிமின் ஒரு பகுதி அதிகமாகவும் மற்றது குறைவாகவும் வளரும். வானத்தில் திட்டுத் திட்டாக வருவது இதனால்தான்.

வழி என்னவென்றால், டெவலப்பரின் அடர்த்தியைக் குறைப்பது. அதே ஐடி-11இல் சம அளவு நீர் கலந்தால் 20 டிகிரி நேரம் 13 நிமிடம். அதை 24 டிகிரியில் சுமார் ஒன்பது நிமிடமாக்கலாம். 27இல்கூட ஏழு நிமிடம் கிடைக்கும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் என்றால் 20 டிகிரியில் 20 நிமிடம், 27இல் பதினொன்று. சூடு பறித்துக்கொள்ளும் நேரத்தை நீர்த்த கரைசல் திருப்பிக் கொடுக்கிறது. ஐரோப்பியக் கையேடுகள் இதைச் சிக்கனத்துக்கான வழி என்று ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகும். நமக்கு இதுதான் பிரதான வழி. இந்த எண்களைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, முதல் இரண்டு ரோல்களைப் பார்த்து அரை நிமிடம் கூட்டியோ குறைத்தோ உங்கள் வீட்டுக்கான நேரத்தை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் போட்டு 20க்கே கொண்டுவந்தால் என்ன என்று கேட்கலாம். கொண்டுவரலாம், பிடித்து வைப்பதுதான் பாடு. அறை 34 டிகிரியில் இருக்கும்போது டேங்க் உள்ளங்கைச் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். 24ஐக் குறிவைத்தால் போராட்டம் பாதியாகிவிடும். பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, முடிச்சிட்ட பிளாஸ்டிக் பையில் ஐஸ் போட்டு மிதக்க விட்டு, டெவலப்பர், ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் மூன்றையும் பாட்டிலோடு அதில் அரை மணி நேரம் நிறுத்தி வைப்பேன். மண்பானைத் தண்ணீர் இருந்தால் ஐஸே வேண்டாம் என்ற நாட்களும் உண்டு. முக்கியமானது எல்லாக் கரைசலும் ஒரே சூட்டில் இருப்பது. ஜெலட்டின் தண்ணீரில் ஊறி வீங்கும், சூட்டில் இளகும். 22 டிகிரியிலிருந்து எடுத்து மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் சுடுதண்ணீரில் அலசினால் அந்தப் பூச்சு நகம் பட்டாலே கீறும். பழைய ரகப் பிலிம்களில் பால் ஆடை போலச் சுருங்கியும் விடும்.

இந்தியா சொந்தமாகப் பிலிம் தயாரித்த இடம் எது என்று நினைத்தால் இது இன்னும் விளங்கும். 1960இல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் ஆலையை ஊட்டியில் வைத்தது. குளிர்ந்த, தூசியில்லாத காற்றைத் தேடி மலையேறிய ஆலை அது. 1967 முதல் அங்கிருந்து 'இந்து' என்ற பெயரில் பிலிமும் எக்ஸ்ரே தாளும் வந்தன. ஆலையைச் சுற்றிய குடியிருப்புக்கு இன்றும் இந்துநகர் என்றுதான் பெயர். டிஜிட்டல் வந்த பிறகு ஆலை நொடித்து மூடப்பட்டது. அந்தப் பிலிமில் பதிந்த நம் ஊர் முகங்கள் எத்தனையோ பீரோக்களில் இன்னும் இருக்கின்றன.

செய்முறைக்கு வருகிறேன். சினிமாவில் இருட்டறை என்றாலே சிவப்பு விளக்கு எரியும். அது பிரிண்ட் போடும் காகிதத்துக்குச் சரி. அந்தக் காகிதம் சிவப்பை உணராது. பிலிம் அப்படியல்ல. 1873இல் பெர்லினின் ஹெர்மன் ஃபோகல், சில சாயங்களைச் சேர்த்தால் வெள்ளி உப்பு நீலத்தைத் தாண்டியும் ஒளியை உணரும் என்று கண்டுபிடித்தார். அந்த வழியில் வளர்ந்த இன்றைய பிலிம் எல்லா நிறத்தையும் உணரும். ஆகவே ரோலை டப்பாவிலிருந்து எடுத்து ரீலில் சுற்றி டேங்கில் போட்டு மூடும்வரை முழு இருட்டு வேண்டும். அதற்குப் பிறகு எல்லாம் விளக்கு வெளிச்சத்தில்.

வீட்டில் முழு இருட்டுக்கு எளிய வழி 'சேஞ்சிங் பேக்' எனப்படும் இரட்டை அடுக்குக் கறுப்புத் துணிப்பை. இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, தொட்டுத் தொட்டே வேலை பார்க்க வேண்டும். நம் ஊரில் இதுதான் மிகக் கடினமான கட்டம். பைக்குள் கை போன ஐந்தாவது நிமிடத்தில் உள்ளங்கை வியர்க்கும். அந்த ஈரம் பைக்குள் புழுக்கமாக நிற்கும். ஜெலட்டின் அதை உறிஞ்சிப் பிசுபிசுக்க, ரீலின் பள்ளத்தில் வழுக்கிப் போக வேண்டிய பிலிம் பாதியில் சிக்கிக்கொள்ளும். வெளியே எடுக்கவும் முடியாது, உள்ளே தள்ளவும் முடியாது. அப்போது பலவந்தம் செய்யாதீர்கள். பிலிமை ரீலோடு டேங்குக்குள் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் தொடரலாம். நான் விடியற்காலையில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, கையில் துளி முகப்பவுடர் போட்டு உதறிவிட்டுச் செய்கிறேன். ரீல் எலும்பாய்க் காய்ந்திருக்க வேண்டும். காலாவதியான ஒரு ரோலைப் பலி கொடுத்து, முதலில் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே பத்து முறை, பிறகு கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை சுற்றிப் பழகினால் மட்டுமே உண்மையான ரோலைத் தொடுங்கள்.

மூடிய பிறகு வேலை லேசானது. 35 மி.மீ. ரோல் ஒன்றுக்குப் பேட்டர்சன் டேங்கில் 290 மி.லி. வேண்டும், 150 மி.லி. டெவலப்பரும் 150 மி.லி. நீரும் கலந்தால் சரி. ஊற்றியதும் பத்து வினாடிக்குள் நான்கு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். டேங்கின் அடியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் ஒட்டிய காற்றுக்குமிழ்கள் விடுபடும். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு கவிழ்ப்பு. கவிழ்க்காவிட்டால் வேலை முடிந்த கரைசல் பிலிமை ஒட்டியே தேங்கி நிற்கும். அளவுக்கு மேல் குலுக்கினால் படத்தின் வெளிச்சப் பகுதிகள் அடர்ந்து போகும். நேரம் முடிந்ததும் டெவலப்பரை வடித்துவிட்டு, டெவலப்பரின் காரத்தை முறிக்க நீர்த்த சிட்ரிக் அமிலமோ அசிட்டிக் அமிலமோ அரை நிமிடம். வினை அங்கேயே நிற்கும்.

அடுத்தது ஃபிக்ஸர். பழைய ஸ்டூடியோக்காரர்கள் வாயில் 'ஹைப்போ'. ஒளி படாத வெள்ளி புரோமைடு இன்னும் பிலிமில் இருக்கிறது, தண்ணீரில் கரையாது, விட்டுவிட்டால் வெளிச்சத்தில் நாளாக ஆகக் கறுக்கும். தையோசல்பேட் உப்பு அதைப் பற்றிக்கொண்டு கரையும் பொருளாக்கி இழுத்து வந்துவிடும். ஜான் ஹெர்ஷல் இதை 1819இலேயே கண்டிருந்தார். இருபது ஆண்டு கழித்துப் புகைப்படம் பிறந்தபோது, படத்தை நிலைக்க வைக்க எல்லோரும் தவித்த நேரத்தில், அவருடைய பழைய குறிப்பு கைகொடுத்தது. 'நெகட்டிவ்', 'பாசிட்டிவ்' என்ற சொற்களை இதில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. நம் 'கழுவுதல்' என்ற சொல் முழுப் பொருத்தத்தோடு உட்காருவது இந்தக் கட்டத்தில்தான். எவ்வளவு நேரம் என்பதற்கு நல்ல சோதனை: பிலிமின் முனைத் துண்டு ஒன்றை வெளிச்சத்திலேயே ஃபிக்ஸரில் போடுங்கள். பால் நிறம் மாறிக் கண்ணாடி போலத் தெளிய எத்தனை வினாடி ஆகிறதோ, அதன் இரண்டு மடங்கு ரோலுக்கு. தெளிய வெகுநேரம் எடுத்தால் ஃபிக்ஸர் செத்துவிட்டது.

என் மூன்றாவது ரோலில் செல்லூரில் மாமாவின் கைத்தறி இருந்தது. தறியை விற்பதற்கு முந்தின நாள் போய், அவர் பாவு பிணைப்பதையும் குழியில் கால் வைத்து மிதிப்பதையும் ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். வீட்டில் ஒரே மாதிரி இரண்டு பழுப்புப் பாட்டில்கள். முதலில் ஊற்றியது ஃபிக்ஸர் என்று, அதை வடிக்கும்போது வந்த நெடியில்தான் தெரிந்தது. நான்கு அணுக்களோடு காத்திருந்த ஒவ்வொரு படிகத்தையும் அது கரைத்து எடுத்துவிட்டது. மூடியைத் திறந்தால் ஒன்றரை மீட்டருக்குக் கண்ணாடித் தாள். ஓரத்தில் நிறுவனத்தின் பெயரும் படங்களின் எண்களும்கூட இல்லை. அவையும் ஆலையில் ஒளியால் பதித்து, நாம் டெவலப் செய்யும்போது வளர்பவை. எண் இருந்து படம் மட்டும் இல்லை என்றால் கேமராவில் பிலிம் நகரவில்லை என்று பொருள். எண்ணும் இல்லை என்றால் பிழை டெவலப்பரில். அன்று இதைத் தெரிந்துகொண்டேன். தறி மறுநாள் போய்விட்டது. இப்போது டெவலப்பர் பாட்டில் கழுத்தில் ரப்பர் பேண்டு ஒன்று, ஃபிக்ஸர் பாட்டிலில் இரண்டு. இருட்டிலும் விரல் தடவினால் தெரியும். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

கடைசி அலசலுக்குத் தண்ணீரை வீணாக்க வேண்டியதில்லை. டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து வடித்து, மறுபடி நிரப்பிப் பத்து முறை, மூன்றாவதாக இருபது முறை. இது இல்ஃபோர்டு சொல்லும் வழி. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவுக்கு இது நல்ல செய்தி. அலசலைக் குறைத்தால் தங்கிவிட்ட தையோசல்பேட் காலப்போக்கில் வெள்ளியைச் சல்பைடாக்கிப் படத்தைப் பழுப்பாக்கும். போர்த் தண்ணீரில் முடித்தால் உப்புத் திட்டுகள் நெகட்டிவில் காய்ந்து நிற்கும். அவை எளிதில் போகா. முடிவாக ஒரு முறை, பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் முக்கி எடுங்கள்.

பழைய ஃபிக்ஸரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். பிலிமிலிருந்து வந்த வெள்ளி அதில் கரைந்திருக்கிறது. நீர்வாழ் உயிர்களுக்குக் கரைந்த வெள்ளி நஞ்சு. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, சாதாரண இரும்பு நாரை (எவர்சில்வர் நார் பயன்படாது) உள்ளே போட்டுச் சில நாள் விட்டால் இரும்பு கரைந்து இடம் கொடுக்க, வெள்ளி கறுப்புச் சகதியாக அடியில் படியும். எக்ஸ்ரே கூடங்களில் ஹைப்போவை விலைக்கு வாங்கிப்போக ஆள் வந்துகொண்டிருந்தது இதற்காகத்தான்.

இனி உலர்த்தல். குளியலறையில் ஐந்து நிமிடம் ஷவரைத் திறந்துவிட்டால் காற்றில் மிதக்கும் தூசி அடங்கும். பிறகு மேலே ஒரு துணி கிளிப், கீழே எடைக்கு இரண்டு கிளிப், கதவைச் சாத்திவிட்டு வந்துவிட வேண்டும். ஈரப் பிலிமை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கும் ஆசையை அடக்க முடியாது, பாருங்கள். விரலால் மட்டும் தொடாதீர்கள். காலையில் அது இறுகி, லேசாக வளைந்து தொங்கும். ஆறு ஆறு படமாக வெட்டி உறையில் போடலாம்.

என் முதல் ரோலின் முதல் படம் எதிர்வீட்டு மார்கழிக் கோலம். நெகட்டிவில் வாசல் வெளிறிக் கிடக்க, மாவு விழுந்த இடமெல்லாம் அடர்ந்த கறுப்பு. கைபேசித் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து அதன் மேல் அந்தத் துண்டை வைத்து, இன்னொரு கைபேசியில் நிறங்களைத் தலைகீழாக்கும் அமைப்பைப் போட்டு, எதிர்வீட்டு அக்காவிடம் நீட்டினேன். அவர் கோலத்தைப் பார்க்கவில்லை. பெரிதாக்கி, "மூணாவது புள்ளி விலகியிருக்குடா, அன்னிக்கே சந்தேகமா இருந்துச்சு" என்றார்.